பக்கத்து மனையைவிட ஓர் அடி

சித்தேரியின் விலை லோடு ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. 1987-இல் அதுதான் ரேட். யார் வெட்டியது, எந்தக் காலத்தில் வெட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாத அந்த ஏரியை நான் அந்த விலைக்குத்தான் விற்றேன். மொத்தமாக எடுத்தவர்களுக்கு லோடுக்குப் பத்து ரூபாய் குறைத்தும் கொடுத்தேன்.

ஆவடி மார்க்கெட்டை ஒட்டி எனக்குக் கட்டுமானச் சாமான் கடை. செங்கல், ஜல்லி, மணல் எல்லாம் உண்டு என்றாலும் சோறு போட்டது சவுடு மண்தான். செங்கல் உடையும், சிமெண்ட் இறுகிப்போகும். சவுடு கொட்டிய இடத்தில் கிடக்கும். சரியில்லை என்று யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஏரியில் வெட்டி, லாரியில் ஏற்றி, பள்ளமான மனையில் கொட்டி மேடாக்கவேண்டியது, அவ்வளவுதான் தொழில். பர்மிட் முப்பது லோடுக்கு இருக்கும், பூங்காவனத்தின் லாரி முந்நூறு நடை ஓடும். பூங்காவனம் உள்ளூர்க்காரன். அவனுடைய தகப்பன் சித்தேரித் தண்ணீரில் நெல் விளைத்தவர். மகன் தண்ணீர், நெல் என்று சுற்றி வளைக்காமல் நேராக ஏரியையே அறுவடை செய்தான்.

அந்த வருஷம்தான் உலக ஜனத்தொகை ஐந்நூறு கோடியைத் தொட்டுவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள். படித்தவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஐந்நூறு கோடியில் நாலாயிரம் பேராவது சேக்காட்டுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவே வந்து இறங்காமலா போவார்கள் என்று காத்திருந்தேன். இறங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பீரங்கித் தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ரிட்டயரானால் எங்கே போவது என்று தெரியாதவர்கள் வந்தார்கள். அம்பத்தூர் பேட்டையில் அமெரிக்காக்காரனுக்குச் சட்டை தைத்தவர்கள் வந்தார்கள். ஆள் வராமல் பணம் மட்டும் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கியதும் உண்டு. எல்லோருக்கும் ஒரு மனை வேண்டும். நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ‘குறிஞ்சி நகர்’ என்று பலகை வைத்தான் ஒரு மனைத் தரகன். ஏரிக்குக் கீழே கிடந்த பள்ளத்துக்கு மலையின் பெயர். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயை, வரைபடத்தில் ‘முப்பதடி ரோடு’ என்று காட்டியிருந்தான். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் மண் விற்றுக்கொண்டிருக்கப் போகிறேன்?

பன்னிரண்டாம் நம்பர் மனை சண்முகசுந்தரத்துடையது. தொழிற்சாலையில் டர்னர். தலைமுடியைப் பத்தாகப் பிளந்து அதில் ஒன்றை அளந்து சொல்லும் வேலை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பிராவிடண்ட் ஃபண்டில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, மனைவி வசந்தகுமாரியின் கழுத்தில் இருந்ததையும் சேர்த்து, அந்த மனையில் போட்டிருந்தார். அதற்கப்புறம் அவருக்கு வேறு கூரை கிடையாது. ஊரில் இருந்த பாகத்தையும் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்.

முதல் லாரி போனதுமே அவர் ஒரு இரும்புக் கம்பியோடு அதன் மேல் ஏறிவிட்டார். நாலு மூலையிலும் நடுவிலும் குத்தி ஆழம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

“வே, கடைக்காரரே. உம்ம லாரிக்காரன் ஓரத்துல மேடு கட்டி நடுவுல குழி வச்சுல்லா கொண்டாரான். நான் மண்ணுக்குத் துட்டு தருதேன். குழிக்கும் சேத்தா தரணும்?”

அவர் சொன்னது உண்மை. அந்தக் குழியில்தான் என் லாபம் இருந்தது. அரை மணி நேரம் பேசினோம். என் அப்பா பூந்தமல்லிச் சந்தையில் வெங்காயத் தரகு பார்த்தவர், துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை முடிப்பார். அவரிடம் வளர்ந்த எனக்கே அன்று நாக்கு உலர்ந்துவிட்டது. கடைசியில் முப்பத்தைந்து லோடுக்கு இரண்டு லோடு இனாம் என்று முடிந்தது.

எவ்வளவு உயரம் போடுவது என்று மேஸ்திரி கேட்டார். சுற்றிலும் அப்போது வீடு இல்லை. தரகனுடைய ஆபீஸ் கொட்டகை மட்டும் இரண்டடி மேட்டில் நின்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பார்க்கிற டர்னர், கொட்டகையைக் காட்டி, அதற்குமேல் அரையடி போடச் சொன்னார். ஏரியின் கலங்கல், அதாவது உபரித் தண்ணீர் வழிகிற கல், எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. குறிஞ்சி நகரில் வீடு கட்டிய ஒருவரும் கடைசிவரை கேட்கவில்லை. பூங்காவனத்துக்குத் தெரியும். அவன் சொல்லி எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததைச் சொல்வதற்கு நான் கடை திறக்கவில்லை.

இரண்டரையடி மேட்டில் எழுந்த அந்த வீடு முதல் மூன்று மழைக்குக் கலெக்டர் பங்களா மாதிரி நின்றது. தண்ணீர் வாசலில் இறங்கிப் பக்கத்துப் பதின்மூன்றாம் நம்பர் காலி மனைக்குள் போய்ச் சேரும். சண்முகசுந்தரம் வராந்தாவில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாங்கில் வட்டி ஏறுவதைப் பார்க்கிற முகம். நம் வீட்டுத் தண்ணீர் இன்னொருவன் மனைக்குப் போகிறதே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதைத்தானே அவர் காசு கொடுத்து வாங்கினார்?

அந்த இன்னொருவன் நாகேந்திரன். அம்பத்தூர்க்காரன், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அறைக்குள் குளிரை வைத்துக்கொண்டு சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிற கலையை அந்த ஊரில் கற்றுத் தேர்ந்திருந்தான். 1990-இல் வீடு கட்ட ஆரம்பித்தான், அங்கிருந்தபடியே. என் கடைக்குப் பக்கத்து போன் பூத்துக்குக் கூப்பிடுவான். பூத்துக்காரர் என்னைக் கத்திக் கூப்பிடுவார். நாகேந்திரன் ஒரு நிமிஷம் பேசும் காசில் அரை லோடு மண் வாங்கலாம் என்பதால் சுருக்கமாகத்தான் பேசுவான்.

“பக்கத்து ஊடு எவ்ளோ ஒசரம் கீது?”

இரண்டரை என்றேன்.

“அப்ப மூணரை போடு மாமே.”

கடல் தாண்டி வந்த ஆலோசனை அவ்வளவுதான். மேஸ்திரி கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சண்முகசுந்தரத்தின் வராந்தாவில் பிடித்து மட்டம் பார்த்து, அதிலிருந்து ஓர் அடி மேலே நாகேந்திரனுடைய சுவரில் கோடு கிழித்தார். டியூபின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது சண்முகசுந்தரமேதான். கோடு கிழித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஐப்பசியில் பதின்மூன்றாம் நம்பரின் தண்ணீர் பன்னிரண்டுக்கு வந்தது. வாசற்படி மூன்றில் இரண்டு முழுகியது.

அதற்கப்புறம் குறிஞ்சி நகரில் வீடு கட்டியவன் எவனும் எஞ்சினியரைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தான், ஓர் அடி கூட்டினான். பதினான்கு நாலரை, பதினைந்து ஐந்தரை. மண் மேலே ஏற ஏற என் கடை மாடியும் ஏறியது.

1992-இல் சண்முகசுந்தரம் ஒரு காரியம் செய்தார். நலச்சங்கம் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் பந்தலில் கூட்டம் போட்டார். எல்லோரும் ஓர் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும், அப்போதுதான் தண்ணீர் யார் வீட்டிலும் தேங்காமல் தெருவழியே போகும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அந்த மாதம்தான் உலகத்துத் தலைவர்கள் எல்லாம் ஏதோ ஒரு தேசத்தில் கூடி, பூமி சூடேறுகிறதே, யார் புகையைக் குறைத்துக்கொள்வது என்று பேசியிருந்தார்கள். அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குப் பேப்பர் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. பந்தலில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

ஐந்தரையடி போட்டவர்கள், போட்டது போட்டாயிற்று, இனிமேல் வருகிறவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும் என்றார்கள். இனிமேல் கட்டவேண்டியவர்கள், நீங்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களைப் பள்ளத்தில் இருக்கச் சொல்கிறீர்களா என்றார்கள். விடுமுறையில் வந்திருந்த நாகேந்திரன், இடிக்கச் சொன்னால் இடித்துவிடுகிறேன், செலவைச் சங்கம் தரட்டும் என்றான். இரண்டரையடிக்காரர் ஒருவருக்கு மட்டும்தான் இதில் உயிர் போகிற அவசரம். அதனாலேயே அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஐந்தரையடி என்று முடிவானது. அதாவது, இருப்பதிலேயே உயரமானவன் எங்கே நிற்கிறானோ அங்கே. மின்கம்பத்தில் நீலப் பெயிண்டில் கோடு போட்டார்கள். நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் என் செலவில் போண்டா.

அடுத்த திங்கள் முதல் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். ஒருவருக்குத் தென்னங்கன்று வைக்க எட்டு லோடு மண் வேண்டும். ஒருவருக்குத் தென்மேற்கு மூலை தாழ்வாக இருப்பதால் மனைவிக்கு முட்டிவலி, ஜோசியர் உயர்த்தச் சொல்லிவிட்டார். ஒருவர் பூஜை அறையை மட்டும் உயர்த்துவதாகச் சொன்னார். அளந்து பார்த்தால் முழு வீடும் பூஜை அறை. யாருக்கும் சொல்லவேண்டாம் என்று அத்தனை பேரும் என் காதில் சொன்னார்கள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ரகசியம் காத்ததற்காக லோடுக்கு இருபது ரூபாய் ஏற்றிக்கொண்டேன்.

சண்முகசுந்தரம் மட்டும் வரவில்லை. அவர் தினமும் சாயங்காலம் நீலக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார் என்று பூங்காவனம் சொல்லிச் சிரித்தான். மறுவருஷம் ரோடு போட வந்தவர்கள், இருபக்கமும் வீடுகள் உயரமாக இருப்பதைப் பார்த்து, பெண்கள் இறங்கி ஏறச் சிரமமாயிற்றே என்று ரோட்டை உயர்த்திப் போட்டார்கள். ஜல்லியும் கிராவலும் நான்தான் கொடுத்தேன். சண்முகசுந்தரத்தின் வீட்டுக்கு அதுவரை மூன்று படி ஏறிப் போகவேண்டும். அப்புறம் ஒரு படி இறங்கிப் போகவேண்டும். அந்தக் கார்த்திகையில் முதல்முறையாக அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கணுக்கால் அளவு. மூன்று நாள் இருந்துவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் அவர் என்னிடம் வந்தார். வீடு எழும்பியாகிவிட்டது, வெளியே மண் கொட்டிப் பயனில்லை. தரையை உள்ளேயே உயர்த்தவேண்டும். ஒன்றரையடி. எட்டு லோடு. சித்தாள் பெண்கள் பாண்டுச் சட்டியில் சுமந்து கூடத்துக்குள் கொட்டினார்கள். கதவுகளின் கீழ்ப்பகுதியை அறுத்தார்கள். ஜன்னல் முழங்காலுக்கு வந்தது. சமையல் மேடையை இடித்துக் கட்டப் பணமில்லை, அதனால் வசந்தகுமாரி குனிந்துகொண்டே சமைத்தார். சண்முகசுந்தரம் புதுத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அவருக்குத் திருப்தி.

இதற்குள் நாகேந்திரன் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வந்துவிட்டான். படுக்கையறைக்கு ஏசி வைத்தான், நகரிலேயே முதல் ஏசி. அதன் பின்பக்கம் சண்முகசுந்தரத்தின் ஜன்னலைப் பார்த்து ஊதியது. வெயிலும் அந்த வருஷங்களில் சும்மா இல்லை. மரம் இருந்த இடமெல்லாம் மொட்டைமாடி. சித்தேரியில் சித்திரை மாதம் பாளம் பாளமாக வெடிப்பு. கிணறு வற்றி, போர் போட்டு, போரும் வற்றி, இன்னும் ஆழப் போட்டார்கள். தண்ணீர் இல்லை என்று ஆறு மாதம் புலம்பல், தண்ணீர் வந்துவிட்டது என்று இரண்டு மாதம் புலம்பல். நடுவில் நாலு மாதம் மண் வியாபாரம்.

1995-இல் ரோட்டின் மேல் இன்னொரு ரோடு விழுந்தது. பழையதைச் சுரண்டிவிட்டுப் போடவேண்டும் என்று சட்டம் இருக்கும்போலிருக்கிறது. சட்டத்தைச் சுரண்ட யாருக்கு நேரம்? சண்முகசுந்தரம் மறுபடி வந்தார். இந்த முறை இரண்டடி. கம்பி எடுத்துவந்து லாரியில் குத்திப் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பேரம் பேசாதவனிடம் விற்பது திருடுவதுபோல. கூடத்து மின்விசிறி தலையில் தட்டும் என்று அதைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒன்று மாட்டச் சொன்னேன். அந்த ஆலோசனைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த சித்திரையில் அவர் ரிட்டயரானார். தொழிற்சாலையில் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். ஆனியில் மழை வந்தது. ஐப்பசிக்கு வரவேண்டிய மழை. வெயில் காலத்து வேர்வை உலராத ஜனங்கள் குடை எங்கே என்று தேடுவதற்குள் கொட்டித் தீர்த்தது. சித்தேரி இரண்டு நாளில் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தது. கால்வாயைத் தேடியது. கால்வாய் இருந்த இடத்தில் முப்பதடி ரோடு இருந்தது, ஆகவே ரோட்டில் வந்தது. ஒவ்வொருவனும் தன் தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் தள்ளியிருந்தான். இப்போது பக்கத்து மனை என்று ஒன்று மிச்சமில்லை. நாகேந்திரன் வீடு, பூஜை அறைக்காரர் வீடு, தென்னங்கன்றுக்காரர் வீடு, எல்லா வீட்டிலும் ஏறியது. நீலக்கோடு தண்ணீருக்கடியில். குறிஞ்சி நகரில் ஆளுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டது அதுவரை அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. சண்முகசுந்தரம் ஆள் அனுப்பினார். நானும் பூங்காவனமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனோம். கூடத்தில் கெண்டைக்கால்வரை தண்ணீர். கட்டில்மேல் டிரங்குப்பெட்டி, அதன்மேல் சுவர்க்கடிகாரம். வசந்தகுமாரி முக்காலிமேல் ஸ்டவ்வை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தார். வழக்கமாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுப்பவர், அன்று எங்களைப் பார்க்கவேயில்லை.

“தண்ணி ஒரடி, காபந்துக்கு அரையடி,” என்றார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரம். “ஒன்னரை போட்டாப் போதும். என்ன ரேட்டுவே இப்ப?”

லோடு நானூற்றைம்பது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பூங்காவனம் குறுக்கே விழுந்தான். “இன்னா நைனா நீ? ஏரி ரொம்பிக்கினு கீது. மண்ணு வெட்ன பள்ளமெல்லாம் யானை முழுகற ஆழம். லாரி எங்க எறங்கும்? தை மாசம் ஆவும்.”

“தை வரைக்கும் காத்திருக்கேன்.”

“தையில போட்டா ஐப்பசியில திரும்ப வரும் நைனா. நீ போட்டுக்கினே இரு, அது வந்துக்கினே இருக்கும்.”

வசந்தகுமாரி அரிசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் சத்தம் போடவில்லை.

“ஏங்க, முதல்ல எந்திரிச்சு நேரா நில்லுங்க. நின்னு பாத்துட்டு அப்புறமா வெலை பேசுங்க.”

சண்முகசுந்தரம் தண்ணீருக்குள் நேராக நின்றார். கையைத் தூக்கினார். மணிக்கட்டு மடங்கிக் கூரையில் இடித்தது. நான் பழக்கதோஷத்தில் டேப்பை வெளியே எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவருக்கு டேப் எதற்கு? சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரில் காய்ந்திருந்த இடம் பார்த்து, தொழிற்சாலையில் எழுதிப் பழகிய அச்சுப்போன்ற எழுத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் பென்சிலை என் கையில் கொடுத்தார், சரிபார்க்கச் சொல்வதுபோல. இரண்டுமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தப்பில்லை.

தரை முதல் கூரை வரை, 1987: பத்து அடி.
கழிவு, முதல் மண்: ஒன்றரை.
கழிவு, இரண்டாம் மண்: இரண்டு.
கழிவு, இனிப் போடவேண்டியது: ஒன்றரை.
மனுஷன் நிற்க மிச்சம்: ஐந்து அடி.
மனுஷன் உயரம்: ஐந்தரை.
பாக்கி: அரை அடி.